கொழுப்பைக் கரைக்கும் மாத்திரைகள்: சங்கத்தின் நிலை

சரீரத்தின் பருமனைக் குறைப்பதாகச் சொல்லி மருந்துக் கடைகளிலும் ஜிம்களிலும் விற்கப்படும் 'ஃபேட் பர்னர்' மாத்திரைகளையும் பொடிகளையும் வாங்கலாமா என்று அங்கத்தினர் பலர் வினவி வருவதால், அவ்விஷயத்தில் இச்சங்கத்தின் அபிப்பிராயத்தை ஒளிவு மறைவின்றி வெளியிடுவது அவசியமாயிற்று. வாங்க வேண்டாம் என்பதே எங்கள் நிலை.

மலையாளத்து மீன்குழம்பில் புளிப்புக்காகப் போடப்படுவதும், இம்மாத்திரைகள் பலவற்றில் சேர்க்கப்படுவதுமான குடம்புளியையே எடுத்துக்கொள்வோம். அதன் தோலிலுள்ள ஹைட்ராக்ஸிசிட்ரிக் அமிலம், மாவுப்பொருள் கொழுப்பாக மாறுவதற்குத் துணைசெய்யும் நொதி ஒன்றைத் தடுக்கிறது என்று சோதனைச்சாலையில் கண்டதும், எலிகளிடத்தில் அது ஓரளவு பலித்ததும் மெய்யே. எலிக்குப் பலித்தது மனிதருக்கும் பலிக்குமா என்றறிய, 135 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவாருக்கு நாளொன்றுக்கு 1,500 மில்லிகிராம் அமிலமும் மற்றவர்க்கு வெற்று மாத்திரையும் கொடுத்து, இரு சாராருக்கும் கலோரி குறைந்த ஒரேவித உணவை விதித்து, 12 வாரம் பரீட்சித்து, 1998-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியிட்டார்கள். குடம்புளிச் சத்தை உண்டவர் சராசரியாக 3.2 கிலோவும், வெற்று மாத்திரை உண்டவர் 4.1 கிலோவும் இளைத்திருந்தனர். அந்த வித்தியாசமும் கணக்கியலின்படி பொருட்படுத்தத் தக்கதன்று. அதாவது, இரு சாராரையும் இளைக்க வைத்தது உணவுக் கட்டுப்பாடே. 'உணவுக் கட்டுப்பாட்டுடனும் உடற்பயிற்சியுடனும் உட்கொள்ளவும்' என்று புட்டிகளின்மேல் சிறிய எழுத்தில் அச்சிடுவதன் சூட்சுமம் இதுதான்: உழைப்பு வாங்குகிறவருடையது, கீர்த்தி மாத்திரையினுடையது. குழம்பில் கிடந்தவரை யாருக்கும் பொய் வாக்குக் கொடுக்காத புளி அது.

கஃபீன் சேர்ந்தவை உடலின் வெப்பச் செலவைச் சிறிது கூட்டுவது உண்மை; அந்த அளவுக்கு ஒரு டம்ளர் காப்பியே போதும். பச்சைத் தேயிலையும் பானமாகப் பருகும்போது சாதுவானதே. ஆனால் அதன் சாரத்தைச் செறிவூட்டி, அதிலுள்ள ஈஜிசிஜி என்னும் பொருளை நாளொன்றுக்கு 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ உட்கொண்டால் ஈரலுக்குத் தீங்கு நேரலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் எச்சரித்தது.

உண்மையாகவே கொழுப்பை எரித்த மருந்துகள் இல்லையா என்றால், இருந்தன. அவற்றின் சரித்திரமே எங்களுக்கு அதிக அச்சம் தருகிறது. வெடிமருந்துத் தொழிலில் பயன்பட்ட டைநைட்ரோஃபீனாலை 1933-ல் ஸ்டான்ஃபோர்டு மருத்துவர்கள் பருமனுக்குப் பரிந்துரைத்தபோது உடல் இளைத்தது மெய். ஆனால் சிலருக்குக் கண்ணில் புரை விழுந்தது, சிலர் உடல் உஷ்ணம் தணியாமலே மாண்டார்கள். 1938-ல் அது மனிதர் உட்கொள்ளத் தகாததென்று அமெரிக்காவில் விலக்கப்பட்டது. எபெட்ரா என்னும் மூலிகை சேர்ந்த சரக்குகள் 2004-ல் அங்கே தடைசெய்யப்பட்டன. இருதயத்துக்கு ஆபத்தானதென்று 2011-ல் நம் நாட்டில் தடைசெய்யப்பட்ட சிபூட்ராமின் என்னும் பசியடக்கும் மருந்து, மூலிகை என்று பெயரிட்ட மாத்திரைகளில் ரகசியமாகக் கலந்திருப்பது பன்முறை கண்டுபிடிக்கப்பட்டுள்ளது. ஆகவே 'மூலிகைதானே' என்ற சமாதானத்தை நாங்கள் ஏற்கவில்லை. ஒரு வாரத்தில் ஆச்சரியமாக இளைக்கச் செய்யும் மூலிகைப் பொடியை, ஒன்றும் செய்யாத பொடியைவிட அதிகமாகவே சந்தேகிக்க வேண்டும்.

பருமனைப் போக்குவதாக மருந்துகளை விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடுத்திருக்கிறது. மருந்தென்று சொன்னால் அச்சட்டம் குறுக்கே நிற்குமாதலால், உணவுச் சேர்க்கை என்ற போர்வையில் பல சரக்குகள் வருகின்றன. புட்டியின்மேல் காணும் உணவுப் பாதுகாப்பு உரிம எண், தயாரிப்பவர் உரிமம் பெற்றவர் என்பதற்குச் சாட்சியே தவிர, உள்ளே இருப்பது பலன் தரும் என்பதற்குச் சாட்சியன்று.

வைத்தியர் நோயாளியைப் பரிசோதித்து எழுதிக் கொடுக்கும் ஆர்லிஸ்டாட் போன்ற மருந்துகள் இந்த அறிக்கைக்கு உட்பட்டவையல்ல. இத்தகைய சரக்குகளை ஏற்கெனவே உட்கொண்டு வருகிறவர்கள், படபடப்போ, கண்ணில் மஞ்சளோ, சிறுநீரில் கருமையோ கண்டால் உடனே நிறுத்திவிட்டு, புட்டியையும் கையோடு எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் செல்ல வேண்டும். சங்கத்தின் ஆண்டு மலரில் இவற்றின் விளம்பரங்களை, எவ்வளவு தொகை கொடுத்தாலும், இவ்வாண்டு முதல் ஏற்பதில்லை என்றும் நிர்வாகக் குழு தீர்மானித்திருக்கிறது.