எல்லையைச் சொல்லி அளவைச் சொல்க

மூளையின் உட்புறத்தே, பொட்டுக்கு நேராக, பக்கத்திற்கு ஒன்றாய் ஒடுங்கிக் கிடக்கும் சிறு மடிப்பு ஹிப்போகாம்பஸ். 1587இல் அதற்குக் கடற்குதிரையின் பெயரை இட்டவர் இத்தாலிய உடற்கூற்றறிஞர் அரான்சியோ. புதிய நினைவு பதிவதற்கு இன்றியமையாத இப்பகுதி, அல்சைமர் நோயில் முந்திச் சுருங்குவனவற்றுள் ஒன்று. எனவே எம்.ஆர்.ஐ. படத்தில் அதன் கன அளவைக் காண்பது மறதிநோய் ஆய்வின் அடிப்படைப் பணியாயிற்று.

படத்தில் எல்லைக்கோடு கிழித்து அளந்தோர் அனைவரும் ஒரே பொருளையா அளந்தனர்? இல்லை. மடிப்பின் தலை அமிக்டலா என்னும் அண்டைப் பகுதியோடு ஒட்டிக் கிடக்கிறது. சாம்பல் நிறப் படத்தில் ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்கும் இடம் எளிதில் புலப்படுவதில்லை. ஒருவர் வாலை வெட்டி விட்டார்; மற்றொருவர் முழுவதும் சேர்த்தார். மேலே போர்த்திய வெண்ணிழைப் படலத்தையும் கீழே தொடரும் சுபிகுலத்தையும் கொண்டோரும் உண்டு, தள்ளினோரும் உண்டு. 2011இல் ஆய்வாளர் 12 அளவுமுறைகளை ஒப்பிட்டனர். முறைக்கு முறை கன அளவு இரண்டரை மடங்கு வரை வேறுபடும் நிலை இருந்தது. அல்சைமர் நோயாளிக்கு அம்மடிப்பு ஆண்டுக்கு 4.7 விழுக்காடு அளவிலும், நோயற்ற முதியோர்க்கு 1.4 விழுக்காடு அளவிலும் சுருங்குகிறது. நோயின் ஓராண்டு வேலை நூற்றுக்கு ஐந்து தேறாது. கோடு கிழித்தவரின் வேலையோ இரண்டரை மடங்கு! ஒரே ஆய்வகத்தில் ஒரே கை அளக்கும்வரை இதனால் பெருங்கேடில்லை. ஓரூர் அளவை மற்றோரூர் அளவோடு வைத்துப் பார்க்கும்போதே பிழை புகுகிறது.

இதைத் தீர்க்க இத்தாலியின் ஃபிரிசோனியும் அமெரிக்க மேயோ மருத்துவமனையின் கிளிஃபர்ட் ஜாக்கும் முன்னின்றனர். வல்லுநர் பதினறுவர் சுற்றுச் சுற்றாகக் கருத்துரைத்து ஒரு முடிவுக்கு வந்தனர்: வால், வெண்ணிழைப் படலம், சுபிகுலம் யாவும் அடங்க அளப்பதென்று. அப்பொதுமுறை 2015இல் நிறைவுற்றது. உடற்கூற்றை வாக்கெடுத்தா தீர்மானிப்பது என நகைப்போர் இருக்கலாம். ஆனால் வல்லுநர் வெறுங்கையோடு வாக்களிக்கவில்லை. எப்பகுதியைச் சேர்த்தால் அளவு நிலைபெறுகிறது, எது நோயைத் தெளிவாகக் காட்டுகிறது என்னும் கணக்குகள் அவர்கள் முன் வைக்கப்பட்டிருந்தன.

பொதுமுறை உண்டாயிற்று, ஆயினும் அதைக் கைக்கொள்ளும் கட்டாயம் உண்டாகவில்லை. இன்று கோடு கிழிப்பது பெரும்பாலும் மென்பொருள். அது எவ்வெல்லையைப் பயின்றதோ அவ்வெல்லையையே திரும்பத் தரும். ஐரோப்பிய மருந்து முகமை 2011இலேயே, மருந்துச் சோதனைக்கு ஆரம்பநிலை நோயாளரைத் தேர்ந்தெடுக்கும் குறிகளுள் ஒன்றாகக் குறைந்த ஹிப்போகாம்பஸ் கன அளவை ஏற்றது. ஓர் எண்ணால் ஒருவருக்குச் சோதனையின் கதவு திறக்கும், அல்லது மூடும். அவ்வெண்ணை மட்டும் அச்சிட்டு எல்லையைச் சொல்லாது விடுதல் அறிவியலன்று. எம்முறையில் அளந்தது எனக் குறிக்காத கட்டுரையை ஆய்விதழ்கள் திருப்பி அனுப்புக. மென்பொருள் விற்போர் தம் அறிக்கையில், அளவின் அருகிலேயே, அதன் எல்லையையும் எழுதுக.