ரயில் போச்சு, பாதை இருக்கு!

மூடிய ரயில் பாதை என்றாலே, "மனை போட்டு வித்துடலாம்" என்பார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை.

'பரென்சானா'வைப் பாருங்கள். ட்ரியெஸ்தே நகரிலிருந்து இஸ்திரியாவின் கடலோர ஊரான பொரெச் வரை 123 கி.மீ. சின்ன ரயில். 1902-ல் தொடங்கி, ஒயினும் ஆலிவ் எண்ணெயும் சுமந்து, 1935-ல் நின்றது. தண்டவாளம் போச்சு, மண்கரையும் குகையும் பாலமும் நின்னுது. இன்று குரோஷியப் பகுதியில் பெரும்பாலும் சரளைப் பாதை. திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே, லாரி ஹாரன் தொல்லையின்றி சைக்கிளில் போகலாம். ரயிலுக்காக வெட்டிய சரிவாச்சே, மலையேற்றமும் மூச்சு வாங்காது! சர்வே வகுப்பில் மனப்பாடம் செய்யும் 'கிரேடியன்ட்' அங்கே இன்னும் உழைக்கிறது.

துண்டு போட்டு விற்றிருந்தால் இது கிடைத்திருக்குமா? நாளைக்கு நம்ம மேசைக்கும் அப்படியொரு ஃபைல் வரும். கையெழுத்துக்கு முன் யோசிப்போமா?