மணியின் பிறப்பிடம்

ஒன்பான் மணிகளுள் பசுமையாற் சிறந்தது மரகதம். அதன் விலை நிறத்தாலும் எடையாலும் மட்டும் அமைவதன்று. ‘இஃது எந்நாட்டு மணி?’ என்னும் வினாவிற்குக் கிடைக்கும் விடையாலும் அமையும். அவ்விடையை நெடுங்காலமாக உரைத்து வந்தவர் மணி விற்போரே. செவிவழியாக வந்த அவ்வுரை பிழைபடுதலும் உண்டு. ஆதலின், மணியின் பிறப்பிடத்தை அம்மணியையே ஆராய்ந்து அறிதல் முறையாகும். இக்கால அறிவியல் அதற்கு வழி கண்டுள்ளது.

மரகதத்தில் அமைந்த தனிமங்களுள் ஒன்று உயிர்வளி எனப்படும் ஆக்சிஜன். ஆக்சிஜனின் அணுக்கள் யாவும் ஒரே நிறையுடையன அல்ல. மிகப் பலவற்றின் நிறையெண் 16. ஏறத்தாழ ஐந்நூற்றில் ஒன்றன் நிறையெண் 18. இவ்வாறு தனிமம் ஒன்றாகவும் நிறை வேறாகவும் உள்ள அணுக்களை ஐசோடோப்புகள் என்பர். மரகதம் விளையும்போது சூழ்ந்துள்ள பாறையும், அதனூடே பாயும் வெந்நீரும் எத்தகையனவோ, அவற்றிற்கேற்ப இவ்விருவகை அணுக்களின் விகிதம் மணியிற் பதிந்துவிடும். பட்டை தீட்டினும், பொன்னிற் பதிப்பினும், கடல் கடந்து செல்லினும் அவ்விகிதம் மாறுவதில்லை.

காஸ்டன் ஜியூலியானி முதலிய அறிஞர் பழைய மரகதங்கள் சிலவற்றை இம்முறையால் ஆராய்ந்து, 2000ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டனர். மயிரிழையினும் நுண்ணிய குழி ஒன்றே சோதனைக்குப் போதுமாதலின், மணியின் அழகிற்கு ஊறு நேர்வதில்லை. பிரான்சு நாட்டிற் கிடைத்த உரோமர் காலத்துக் காதணி ஒன்றன் மரகதம், இன்றைய பாக்கித்தானத்தைச் சார்ந்த சுவாத்துப் பள்ளத்தாக்கிற் பிறந்தது என்பது தெரிந்தது. அங்குள்ள மரகதச் சுரங்கம் இக்காலத்தார்க்குத் தெரியவந்ததோ 1958ஆம் ஆண்டிலேதான்! ஏடுகள் மறந்ததனை மணி மறக்கவில்லை. ஐதராபாத்து நிசாமின் கருவூலத்தைச் சார்ந்த நான்கு மரகதங்களும் ஆராயப்பெற்றன. அத்தகைய மணிகள் ஆசியாவில் மறைந்துபோன பழஞ்சுரங்கங்களைச் சார்ந்தவை என்று பலர் நம்பியிருந்தனர். ஆயின், அவற்றுள் மூன்று தென்னமெரிக்காவின் கொலம்பியாவிலும், ஒன்று ஆப்கானித்தானத்திலும் பிறந்தவை என்று ஆராய்ச்சி காட்டிற்று. வழிவழி வந்த நம்பிக்கை என்பதனாலேயே ஒன்று உண்மையாகிவிடாது என்பதற்கு இதனினும் தக்க சான்று வேண்டுமோ?

மணி அழகியதாயின் அதன் பிறப்பிடத்தை அறிவதாற் பயன் என்னை என்று வினவுவாரும் உளர். ஒரு நாட்டு மணியை வேறொரு நாட்டு மணியென்று கூறி மிகுபொருள் பெறுதல் களவே அன்றோ? அதனினும் கொடிய தீமை ஒன்றும் உண்டு. சியரா லியோனில் 1991 முதல் 2002 வரை நிகழ்ந்த உள்நாட்டுப் போரில், வைரம் விற்ற பணம் கிளர்ச்சியாளர் படைக்கலம் வாங்கப் பயன்பட்டது. வாங்கியோர் அதன் பிறப்பிடத்தை வினவியிருப்பின் அவ்வாணிகம் அத்துணை எளிதாக நடந்திராது.

எனினும், இம்முறைக்கும் எல்லை உண்டு. வெவ்வேறு சுரங்கத்து மரகதங்களின் விகிதம் ஒத்திருத்தலும் உண்டு. அப்போது மணியினுள் அடங்கிய நீர்த்துளி, வளிக்குமிழி, உப்புப் படிகம் முதலியவற்றையும் நோக்கியே துணிதல் வேண்டும். வைரத்திலோ ஆக்சிஜன் இல்லை. அது கார்பனால் ஆயது. அக்கார்பனின் ஐசோடோப்பு விகிதம் பல நாட்டு வைரங்களிலும் ஒத்திருத்தலின், அதனைக் கொண்டு சுரங்கத்தைத் துணிதல் அரிது. ஆகவேதான், 2003ஆம் ஆண்டு முதல் கிம்பர்லி முறை என்னும் உலக ஏற்பாட்டின்படி, பட்டை தீட்டாத வைரங்கள் அரசுச் சான்றிதழுடன் நாடு விட்டு நாடு செல்கின்றன. அச்சான்றிதழை எழுதுவது கருவியன்று, மனிதன் கையே.

கருவி உண்மையை உரைக்கவல்ல இடத்துச் செவிவழிச் செய்தியைப் பற்றிக்கொண்டிருத்தல் அறியாமை. கருவி உரைக்கமாட்டாத இடத்துப் பொய் எழுதுதல் கொடுமை. மணியை ஆராயும் அறிவும், ஆராய்ந்ததை மறையாது கூறும் வாய்மையும் ஒருங்கே வேண்டும்.