ஒழுக்கத்தின் பெயரால் ஓட்டு வேட்டை!

தோழர்களே! ஓட்டுக் கேட்டு வருகிறவன் கூலியைப் பற்றி மூச்சு விடாமல் ஒழுக்கத்தைப் பற்றி உபதேசம் செய்தால், உங்கள் மடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்! அமெரிக்காவில் 2004ல் நடந்த தேர்தல் தரும் பாடம் இது.

அங்கே ஒஹாயோ மாநிலத்தில் நாலே வருஷத்தில் சுமார் 2 லட்சம் ஆலை வேலைகள் பறிபோயிருந்தன. நாட்டின் குறைந்தபட்சக் கூலியோ 1997 முதல் மணிக்கு 5 டாலர் 15 சென்ட்டிலேயே கிடந்தது. ஜனாதிபதி புஷ் என்ன செய்தார்? ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் மணப்பதைத் தடுக்க அரசியல் சட்டத்தையே திருத்த வேண்டுமென்று முழங்கினார்! குடும்பத்தின் மீது அவ்வளவு அக்கறையாம். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதைதான்!

தேர்தல் நாளன்றே 11 மாநிலங்களில் அந்தத் தடை ஓட்டுக்கு விடப்பட்டது. பதினொன்றிலும் நிறைவேறியது. ஒஹாயோவில் புஷ் சுமார் 1,18,000 ஓட்டில் ஜெயித்தார். அந்த மாநிலம் போயிருந்தால் நாற்காலியும் போயிருக்கும். தடைதான் ஜெயிக்க வைத்ததா என்று பண்டிதர்கள் தர்க்கம் செய்யட்டும். ஜெயித்தவரின் கை எங்கே நீண்டது என்று பாருங்கள்! 2005 தொடக்கத்திலேயே, உழைப்பாளியின் முதுமைக்கால ஓய்வூதியப் பணத்தில் ஒரு பங்கைப் பங்குச் சந்தைக்குத் திருப்பும் திட்டத்தைக் கொண்டுவந்தார். தொழிற்சங்கங்களும் மக்களும் எதிர்த்து நின்றதால் அது கவிழ்ந்தது.

"சிறுபான்மையோருக்காகப் பேசினால் ஓட்டுப் போய்விடும், நமக்கேன் வம்பு?" என்று நம்மிலும் சிலர் முணுமுணுக்கிறார்கள். புஷ்ஷை எதிர்த்து நின்ற கெர்ரியும் அப்படித்தான் நெளிந்தார். தாமும் அத்தகைய திருமணத்தை ஆதரிக்கவில்லை என்றார். பிழைத்தாரா? தோற்றார்!

ஒஹாயோவின் தடை அதோடு நின்றதா? மணமாகாமல் சேர்ந்து வாழ்வோரையும் வளைத்துக்கொண்டது. அதைக் காட்டி, அடிபட்ட பெண்ணுக்குக் குடும்ப வன்முறைச் சட்டம் பொருந்தாது என்று சில நீதிமன்றங்கள் கைவிரித்தன. 2007ல் மாநில உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகே அது மாறியது. ஒருவனுக்கு வெட்டிய குழியில் இன்னொருத்தி விழுந்தாள்!

இன்னொன்றையும் கேளுங்கள். அதே நாளில் புளோரிடாவில் கூலி உயர்வு ஓட்டுக்கு வந்தது. அங்கும் ஜெயித்தவர் புஷ்தான். ஆனால் கூலி உயர்வை ஆதரித்தவர்கள் நூற்றுக்கு 71 பேர்! ஜனங்கள் மூடர்களல்ல. கூலிப் பிரச்னையை நேராக முன்வைத்தால் நேராகவே தீர்ப்பளிக்கிறார்கள்.

சிறுபான்மையோரின் உரிமை பெரும்பான்மையோர் போடும் பிச்சையல்ல. அந்தத் தடைகளை 2015ல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே செல்லாதென்று தள்ளியது. பக்கத்து வீட்டுக்காரனின் உரிமையை விற்று நம் கூலியைக் காக்க முடியாது. இரண்டுக்கும் சேர்ந்தே போராடுவோம்! ஒழுக்கம் பேசி வாசலுக்கு வருகிறவனிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "ஐயா, கூலி எவ்வளவு உயரும்?"