ராஜா வம்சம் இருக்கட்டும், கப்பலேறின தாத்தா எங்கே?

ராஜபாளையமோ ஸ்ரீவில்லிபுத்தூரோ, டீக்கடையில உட்கார்ந்தா போதும். எந்த ராஜாவோட படையில தன் முன்னோர் வந்தாங்கன்னு மூச்சு விடாம சொல்லுவாங்க. கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளிச்சுப்போச்சு. நூத்தைம்பது வருஷம் முன்னாடி பஞ்சம் பிழைக்கக் கப்பலேறினவங்களைப் பத்திக் கேட்டா மட்டும், "அதுக்கெல்லாம் ஏதுப்பா ரெக்கார்டு?"

இருக்கு சாமி! 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் கிளம்பியது. அதுமுதல் 1911 வரை நேட்டாலுக்குப் போன சுமார் ஒன்றரை லட்சம் இந்தியர்களுக்கும் கப்பல் பட்டியல் உண்டு. பெயர், அப்பா பெயர், வயசு, சாதி, ஊர், உடம்புத் தழும்பு வரைக்கும். வெள்ளைக்காரன் பாசத்துல எழுதலை. ஓடிப்போனா அடையாளம் வேணும்ல!

தேடுறவங்க விருதுநகர் மாவட்டம்னு தேடாதீங்க, அது 1985-ல வந்தது. 1910 வரை ஸ்ரீவில்லிபுத்தூர் திருநெல்வேலி ஜில்லா.

இலங்கைக்கும் மலேயாவுக்கும் கங்காணி கூட்டிப்போனவங்க கதை வேற. அவங்க எல்லாருக்கும் இப்படி ஆளாளுக்கு எழுதின பட்டியல் கிடைக்காது. பல குடும்பங்களுக்கு வீட்டுப் பெரியவங்க ஞாபகம்தான் ஆவணம். அதையும் "கூலிக்குப் போனான்னு வெளிய சொல்லாதே"ன்னு அமுக்கி வச்சிருக்கோம்.

டர்பன்ல அஞ்சாம் தலைமுறை நம்ம ஊர்ப் பேரைத் தேடுது மக்கா. இன்னைக்கே பாட்டிகிட்ட போய் உட்காருங்க. ராஜாவை அப்புறம் பாத்துக்கலாம்.