ஒரு நாளைக்கு ஒரு வரி

 பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் இரவு ஒன்பது மணிக்கு மேல் என் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். ஒரத்தநாடு பக்கம் விவசாயம் பார்க்கிறான். மூன்றாம் வகுப்பில் என்னிடம் படித்தவன். பெயர் வேண்டாம். அறுவடைக்குப் பத்து நாள் இருக்கும்போது பெய்த மழையில் இரண்டரை ஏக்கர் சம்பா சாய்ந்து தண்ணீருக்குள் கிடக்கிறது. நகைக்கடன் வேறு.

"டீச்சர், வரப்புல முழங்கால் போட்டு ஜெபம் பண்ணினேன். மழை நிக்கல. இனிமே சர்ச்சுக்கு வரமாட்டேன்னு வீட்டுல சொல்லிட்டேன்" என்றான்.

எனக்குப் பதில் வரவில்லை. "சாப்பிட்டியாப்பா?" என்று கேட்டேன். இல்லை என்றான். "முதல்ல சாப்பிட்டுப் படு. காலையில பேசுவோம்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பிறகு எலியா தீர்க்கதரிசி ஞாபகத்துக்கு வந்தார். கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினி இறங்கியதைக் கண்ணால் பார்த்தவர் அவர். அவரே சில நாளில் சூரைச்செடியின் கீழ் படுத்துக்கொண்டு, போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று கேட்கிறார். அங்கே வந்த தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தட்டி எழுப்பி, அடையும் தண்ணீரும் காட்டினான். சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்கினார். இரண்டாவது தரமும் அதேதான். அத்தனை பெரிய அற்புதம் பார்த்தவரையும் மறுபடி நடக்க வைத்தது ஒரு அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும்தான்.

இதை நான் புத்தகத்தில் படித்து மட்டும் எழுதவில்லை. 2021-ல் என் வீட்டுக்காரர் கொரோனாவில் போய்ச் சேர்ந்தார். முப்பத்தாறு வருஷம் ஒன்றாக இருந்த மனுஷர். அதன் பிறகு மூன்று மாதம் என்னால் ஜெபிக்க முடியவில்லை. வேதத்தைத் திறந்தால் எழுத்து ஓடவில்லை. ஆறுதல் சொல்ல வந்த ஒருவர், "டீச்சர், உங்களுக்கு விசுவாசம் குறைஞ்சு போச்சு" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் அந்த வார்த்தை முள்ளாகக் குத்தியது. எதிர் வீட்டு அக்கா ஒன்றும் சொல்லவில்லை. தினமும் காலையில் நாலு இட்லி கொண்டுவந்து வைத்துவிட்டு, நான் ஒன்றாவது சாப்பிடும்வரை உட்கார்ந்திருப்பார். அவர் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர். எனக்கு வந்த தேவதூதன் அவர்தான் என்று இன்றைக்கும் சொல்வேன்.

ஒரு நாள் அலமாரியில் ஒரு நாற்பது பக்க நோட்டு கிடைத்தது. அன்று ராத்திரி அதில் ஒரு வரி எழுதினேன்: "இன்று குளித்தேன், செடிக்குத் தண்ணீர் ஊற்றினேன்." அவ்வளவுதான். மறுநாள், "சங்கீதத்தில் ஒரு வசனம் படித்தேன், புரியவில்லை" என்று எழுதினேன். பிறகு, "தங்கச்சிக்கு போன் செய்தேன்." நோட்டு முடிவதற்குள் நான் ஜெபிக்க ஆரம்பித்திருந்தேன். எந்த நாளில் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. குழந்தை எந்த நாளில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியது என்று எந்த ஆசிரியராலும் சொல்ல முடியாது, அதுபோல.

ஆசிரியராக எனக்கு ஒன்று தெரியும். 'அ' எழுதத் தெரியாத பிள்ளையிடம் நாம் கட்டுரை கேட்பதில்லை. கையைப் பிடித்து ஒரு சுழி போட வைப்போம். மனம் உடைந்த ஒருவரிடம் மட்டும் ஏன் முதல் நாளே மலையைப் பெயர்க்கும் விசுவாசத்தைக் கேட்கிறோம்?

இதில் நம் சபைகளுக்கும் பங்கு இருக்கிறது. யாரும் வருத்தப்படாதீர்கள். சாட்சி சொல்லும் நேரத்தில் என்ன கேட்கிறோம்? விசா கிடைத்தது, கட்டி கரைந்தது, வீடு கட்டினோம். எல்லாம் உண்மையாகவே இருக்கட்டும், கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ஆனால் விசா கிடைக்காதவர், கட்டி கரையாதவர் பின் பெஞ்சில் உட்கார்ந்து என்ன நினைப்பார்? "என்னை மட்டும் ஆண்டவர் பார்க்கவில்லை" என்றுதானே? "இந்த வாரம் தினமும் எழுந்து பிள்ளைகளுக்குச் சமைத்தேன், ஒரு நாள் கோபத்தை அடக்கினேன்" என்று ஒருவர் எழுந்து சொன்னால் அதையும் சாட்சி என்று நாம் ஏற்க வேண்டும் என்பது என் கருத்து. கர்த்தர் கற்பித்த ஜெபத்திலேயே அன்றன்றைக்கு வேண்டிய ஆகாரத்தைத்தானே கேட்கச் சொன்னார்? வனாந்தரத்தில் மன்னாவையும் அன்றன்றைக்குத்தான் பொறுக்க வேண்டியிருந்தது. மறுநாளைக்கு என்று எடுத்து வைத்தது பூச்சி பிடித்தது. ஓய்வுநாளுக்காக எடுத்து வைத்தது மட்டும்தான் கெடவில்லை.

சின்னச் சின்னப் படிகளால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு நம் தஞ்சாவூர்க் கதை ஒன்றே போதும். சிவகங்கைப் பூங்காவை ஒட்டியுள்ள பழைய ஆலயத்துக்குள் போனவர்கள் அந்தச் சலவைக்கல் சிற்பத்தைப் பார்த்திருப்பீர்கள். மரணப் படுக்கையில் இருக்கும் சுவார்ட்ஸ் ஐயரின் பக்கத்தில் சரபோஜி மன்னர் நிற்பார். மன்னரே செய்யச் சொல்லி, லண்டனில் ஃபிளாக்ஸ்மன் என்ற சிற்பி வடித்தது.

சுவார்ட்ஸ் 1750-ல் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தார். தமிழ் படித்தார், பள்ளிக்கூடம் நடத்தினார், ஊர் ஊராக நடந்தார். எளிமையாகச் சாப்பிட்டு, எளிமையாக உடுத்தி, கல்யாணம் செய்யாமல் வாழ்ந்தார். வந்து முப்பது வருஷம் கழித்து ஹைதர் அலியின் படையெடுப்பு வந்தது. டெல்டா முழுக்கப் பாழ். தஞ்சைக் கோட்டைக்குள் ஜனங்கள் பசியில் செத்து விழுந்தார்கள். வெளியே கிராமங்களில் நெல் இருந்தது, கோட்டைக்குக் கொண்டுவர மாடு இல்லை. மாடு வைத்திருந்தவர்கள் வர மறுத்தார்கள். முன்பு கூப்பிட்டவர்கள் பேசிய கூலியைக் கொடுக்காமல் ஏமாற்றியிருந்தார்கள். அரசரின் வார்த்தை எடுபடவில்லை.

அப்போது சுவார்ட்ஸ், "என் கையால் நானே பணம் தருகிறேன்" என்று ஊர்களுக்கு எழுதி அனுப்பினார். ஓரிரு நாளில் ஆயிரத்துக்கு மேல் மாடுகள் வந்தன. உபதேசியாரும் சபையாரும் உயிரைப் பணயம் வைத்துக் கிராமங்களுக்குப் போனார்கள். 80,000 கலம் நெல் கோட்டைக்குள் வந்து சேர்ந்தது. பிற்பாடு நிலத்தை விட்டு ஓடிப்போயிருந்த குடியானவர்கள் சுமார் 7,000 பேர் அவர் சொல்லை நம்பித் திரும்பி வந்து ஏர் பூட்டினார்கள்.

அவருடைய அரசியல் வேலைகள் எல்லாம் சரி என்று நான் வாதாட வரவில்லை. நான் பார்ப்பது ஒன்றைத்தான். அந்த ஒரு கடிதத்துக்கு அவ்வளவு மதிப்பு எங்கிருந்து வந்தது? முப்பது வருஷம் தினமும் சொன்னபடி செய்ததால் வந்தது. எந்த நாளும் பெரிய நாள் இல்லை. பிள்ளைகளுக்குப் பாடம், நோயாளியைப் பார்ப்பது, வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பது. பஞ்ச காலத்தில் அந்தச் சின்ன நாட்களெல்லாம் சேர்ந்து நெல்லாக வந்தன. நம் தமிழில் பிறரை நம்புவதும் நாளையை நம்புவதும் ஒரே சொல்தான், நம்பிக்கை. முதலாவது இருந்தால்தான் இரண்டாவது வரும் என்று டெல்டாக்காரர்களுக்கு அன்றே தெரிந்திருக்கிறது.

நம் விவசாயமும் இதையே சொல்கிறது. மேட்டூர் திறந்த மறுநாள் யாரும் அரிவாளோடு வயலுக்குப் போவதில்லை. நாற்றங்கால், நடவு, களை, உரம் என்று சம்பாவுக்கு ஐந்து மாதம் போகிறது. அதற்குப் பிறகும் மழை கவிழ்த்துவிடலாம். அப்படியும் அடுத்த வருஷம் விதை நெல்லைக் கோட்டை கட்டுகிறோமே, அதற்குப் பெயர் என்ன?

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு வசனம் படித்தால் கடன் தீர்ந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. பயிர்ச் சேதத்துக்கு மனுக் கொடுக்க வேண்டும், இன்சூரன்ஸ் கட்டியிருந்தால் கேட்க வேண்டும். தூக்கம் போய், உயிர்மேல் வெறுப்பு வந்தால் உடனே டாக்டரிடம் போக வேண்டும். மனச்சோர்வு விசுவாசக் குறைவு இல்லை. மாத்திரை சாப்பிடுவதும் விசுவாசத்தில் எடுத்து வைக்கும் ஒரு அடிதான்.

மறுநாள் காலையில் அவனிடம் போனில் மூன்று வேலை சொன்னேன். வரப்பை வெட்டித் தண்ணீரை வடிக்கட்டும். வி.ஏ.ஓ.வைப் பார்த்துச் சேதத்தை எழுதிக் கொடுக்கட்டும். ராத்திரி படுக்கும் முன், ஜெபம் வராவிட்டாலும் பரவாயில்லை, அன்று செய்ததை ஆண்டவரிடம் ஒரு வரியில் சொல்லட்டும். "அது மட்டும் போதுமா டீச்சர்?" என்றான். "இன்னைக்கு அது போதும்" என்றேன்.

நேற்று மறுபடி கூப்பிட்டான். தண்ணீர் வடிந்துவிட்டதாம். பாதிக்குக் கொஞ்சம் குறைவாகத் தேறும் போலிருக்கிறது என்றான். சர்ச்சுக்கு வருவதைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. வைக்கும்போது மட்டும், "அந்த ஒரு வரி தினமும் சொல்றேன் டீச்சர்" என்றான்.

நேற்று என் நோட்டில் அதைத்தான் எழுதினேன்.

இதைப் படிக்கிற உங்களில் யாருக்காவது இன்று நாள் கனமாக இருந்தால், முதலில் சாப்பிடுங்கள். பிறகு ஒரு வரி. உங்கள் பக்கத்து வீட்டில் யாராவது அப்படி இருந்தால், நாலு இட்லி கொண்டு போங்கள். புத்திமதி வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர், தஞ்சாவூர்