பட்டம் மட்டும் போதுமா?

குழந்தை வைத்தியத்தில் எம்.டி. பட்டத்திற்கு 3 வருஷப் பயிற்சி உண்டு. தேறியவர் தனித்து வைத்தியம் செய்யலாம் என்பது விதி. ஆயினும் கல்வராயன் மலைமீதுள்ள வெள்ளிமலை வேறொரு பரீட்சை வைக்கும். பிறந்த சிசு அழவில்லை. ஒரு நிமிஷத்திற்குள் சுவாசமூட்டத் தொடங்க வேண்டும். பேதியால் வற்றிய குழந்தைக்குச் சலைன் ஏற்ற ரத்தக்குழாய் அகப்படவில்லை. மலையிலேயே வைத்துப் பார்ப்பதா, கள்ளக்குறிச்சிக்கு இறக்குவதா? கேட்பதற்கு அருகில் பேராசிரியர் இல்லை. பரீட்சை மண்டபத்தில் சரியாக விடையளித்தவரெல்லாம் இங்கே தடுமாறாதிருப்பார் என்று சொல்ல முடியுமா?

விதிப்படி, மேற்பட்டப் படிப்பு மாணவர் 3 மாதம் ஜில்லா ஆஸ்பத்திரி முறையில் பணிபுரிய வேண்டும். அதில் ஒரு மாதத்தை மலைக்கு ஒதுக்குக. அனுபவமுள்ள வைத்தியர் உடனிருந்து, கைத்திறனைக் கண்ணால் கண்டபின் அத்தாட்சி தருக. மேற்பார்வையின்றி அனுப்பி, மலைவாசிகளின் மதலைகள்மீது பழகவிடுவது அநீதியாகும். சர்க்கார் செவிசாய்க்குமா?